ஆழத்தின் நாடி

பெட்ரோலியப் பொறியியல் படிக்கத் தன்பாதுக்கு வந்த என்னை வியப்பில் ஆழ்த்தியது ஒன்று. மேடையில் குழாய்த்தொடர் சீராகச் சுழல்கிறது. 3,000 மீட்டர் ஆழத்திலோ துளைமுனை சிக்கி நிற்கிறது, மறுகணம் இருமடங்கு வேகத்தில் பாய்கிறது! மேலே முறுக்குவிசை சில நொடிக்கொருமுறை ஏறி இறங்கினால் இந்நோயை அறியலாம்.

குழாய் பக்கவாட்டில் கிணற்றுச் சுவரை மோதும் நோயோ பெரும்பாலும் மேலே தெரிவதில்லை. அடியில் பொருத்திய அதிர்வுமானி அதைக் கண்டு, துளைச்சேற்றின் அழுத்தத் துடிப்புகளாய்ச் செய்தி அனுப்பும்.

முன்னதற்குச் சுழற்சியைக் கூட்டிப் பாரத்தைக் குறைக்க வேண்டும்; பின்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஆம் நண்பர்களே, நோயை மாற்றிக் கணித்தால் மருந்தே நஞ்சு! குழாய் முறியும், கிணறே பாழாகலாம்.

அக்காலப் பணியாளர் பிரேக் பிடியில் கைவைத்தே அதிர்வை உணர்ந்தனர். அந்தக் கைகளை வணங்குகிறேன். அவை எட்டாத ஆழத்தைக் கருவியிடம் கேட்டறியவே கற்கிறேன்.