அந்த @ ஏன் அங்க நிக்குது?

முத்தையா அண்ணாமலை 2007 இல் தொடங்கிய ‘எழில்’ நிரல்மொழியை முதன்முதல் பார்த்தபோது எங்களுக்குப் பிடிக்காமல் போனது ஒரேயொரு குறிதான். பதிப்பி, வரை, முடி எண்டு சொற்கள் எல்லாம் தமிழில. நிபந்தனை வந்தால் மட்டும் இப்பிடி:

@(மொத்தம் > 500) ஆனால்

தமிழுக்குள்ள ஈமெயில் குறி என்னத்துக்கு எண்டு சிரிச்சம். திருநெல்வேலியில கம்பஸ் முடிஞ்ச பின்னேரங்களில் நாங்கள் பைதனில் கட்டிப் பழகின குட்டி மொழியில அதைத் தூக்கிவிட்டம்.

பிறகு சாதாரண தரம் படிக்கிற பெடியள் கொஞ்சப் பேருக்கு அதைக் காட்டினம். ஒருவன் சந்தைக் கணக்கு எழுதினான்:

மொத்தம் = விலை
(மொத்தம் > 500) ஆனால்

‘விலை ஒரு பங்ஷன் இல்லை’ எண்டு பிழை வந்தது. “அண்ணா, நான் பங்ஷன் ஒண்டும் எழுதேல்லையே” எண்டான். தன்ர பிழையெண்டு நினைச்சு முழுவதையும் அழிச்சுப்போட்டான்.

பிழை எங்கட. எங்கட பார்சர் வரி முடிவைக் கணக்கெடுக்காது. ஒரு பெயருக்குப் பின்னால அடைப்புக்குறி வந்தால் பங்ஷனை அழைக்கிறதாக எடுத்துக்கொள்ளும். அதாவது, விலை(மொத்தம் > 500). அரைப்புள்ளி போடாத ஜாவாஸ்கிரிப்டிலயும் இதே பொறி இருக்கு. சி, பைதன் போன்றவற்றில் நிபந்தனைச் சொல் முன்னுக்கே வந்துவிடும். தமிழில அது கடைசியில. அடைப்புக்குறி திறக்கேக்க, உள்ளுக்க இருக்கிறது வெறும் கணக்கோ நிபந்தனையோ எண்டு மெஷினுக்குத் தெரியாது.

‘ஆனால்’ஐ முன்னுக்குப் போட்டுப் பார்த்தம். மறுத்துக் கதைக்கிற ‘ஆனால்’ ஆகிவிட்டது. வாசிக்கவே சண்டைக்கு வாற மாதிரி. பைதன் மாதிரி வரி முடிவை எல்லையாக்கலாம்தான். ஆனா நீளமான கணக்கை நினைச்ச இடத்தில உடைச்செழுத ஏலாது.

பிறகுதான் கவனிச்சம், கதைக்கேக்க “ஒருவேளை மழை பெய்தால்” எண்டு நாங்களே தொடங்கிறம். நிபந்தனை ‘பெய்தால்’ இலேயே இருக்கு. ஆனாலும் கேக்கிற ஆளுக்கு முதலே ஒரு சைகை குடுக்கிறம். @ செய்யிறதும் உதுதான்.

திரும்பப் போட்டம். அடுத்த கிழமை அந்தத் தம்பியிட்ட, பிழை உன்ர இல்லை, எங்கட மொழியினுடையது எண்டு சொன்னம்.

“அப்ப நான் அழிச்சது?” எண்டு கேட்டான்.