ஊசித்துளையில் தனுஷ்கோடி

தனுஷ்கோடிக்குச் செல்லும்போது ஒரு தகர டப்பாவையும் உடன் கொண்டு செல்லுங்கள். உட்புறம் கறுப்பு வண்ணம் பூசி, ஒருபுறம் ஊசித்துளையிட்டு, எதிர்ப்புறம் இருட்டறையில் புகைப்படத் தாளைப் பொருத்தி மூடினால் அதுவே கேமரா, லென்ஸ் வேண்டியதில்லை. நுண்துளை வழியே புகும் ஒளியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னு அல்ஹைதம்.

கடற்கரையில் துளையைத் திறந்து வைத்தால் படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓயாத அலைகள் பனிமூட்டமாய்க் கரையும். நடமாடும் மனிதர் தடமின்றி மறைவர். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் மட்டுமே நிலைத்து நிற்கும்.

அப்படத்தைக் காணும்போது நெஞ்சம் கனக்கிறது. வந்து போகும் நாம் அதில் இல்லை. கடல் கொண்ட ஊரின் சுவடோ இருக்கிறது!