பெட்ரோலில் எவ்வளவு சாராயம்?

பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட, உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பொடி எழுத்திலாவது அச்சடித்திருக்கிறது. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிற நான், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது குற்றமா?

கலப்பது எத்தனால், அதாவது, சாட்சாத் சாராயமேதான்! கரும்பு, அரிசி, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து வடிப்பது. நூற்றுக்கு 20 பங்கு கலப்பதற்கு முதலில் 2030 என்று கெடு வைத்தார்கள், 2025-லேயே எட்டிவிட்டார்கள். அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணம் மிச்சம், கரும்பு விவசாயிக்கும் வருமானம் என்கிறார்கள். நல்லதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் என் ஸ்கூட்டருக்கு வயதாகிவிட்டது. சாராயமோ ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதற்கு உண்டு. பழைய ரகக் கார்களுக்கு மைலேஜ் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்று நிதி ஆயோகின் 2021-ஆம் வருஷத்து அறிக்கையே கணக்கிட்டிருக்கிறது.

எவ்வளவு கலப்பைத் தாங்கும் என்று வண்டியிலேயே சீட்டு ஒட்ட வேண்டுமென்று 2021-ல் சர்க்கார் விதி செய்தது. சாப்பிடுகிறவன் நெற்றியில் ‘இவனுக்கு இவ்வளவுதான் ஜீரணமாகும்’ என்று எழுதியாயிற்று. பரிமாறுகிறவர் எவ்வளவு போடுகிறார் என்று சொல்ல வேண்டாமா? எல்லாப் பம்பிலும் கலப்பின் அளவை எழுத வேண்டும், கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி மனு தள்ளுபடியாயிற்று.

மற்ற தேசங்களில் இதைப் பெரிய சங்கதியாக நினைக்கவில்லை. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பு விற்கும் பம்பில் ஆரஞ்சு நிறச் சீட்டு இருக்க வேண்டுமென்று 2011-ல் விதி வந்தது. 2001-க்கு முந்திய கார்களுக்கும் படகுகளுக்கும் ஊற்றாதே என்று சீட்டே எச்சரித்துவிடும். ஐரோப்பாவில் 2018 அக்டோபர் முதல் வட்டத்துக்குள் ‘இ5’, ‘இ10’ என்று போடுகிறார்கள். பம்பில் ஒன்று, புது வண்டியின் டாங்கி மூடியருகே அதே போல் ஒன்று. இரண்டும் பொருந்தினால் ஊற்றிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

ஒரு சீட்டு ஒட்டுவதால் கரும்பு கசந்துவிடாது. காசு கொடுக்கிறவனிடம், “இதைத்தான் ஊற்றுகிறோம், ஐயா, உம்முடைய வண்டிக்கு ஆகுமா, பார்த்துக்கொள்ளும்” என்று ஒரு வார்த்தை சொன்னது போல் இருக்கும். அவ்வளவுதான் நான் கேட்பது.