நிறுத்தும் வல்லமை

ஓடுகின்ற ஒன்றைக் கண்டு வியப்பது மனித இயல்பு. மோட்டார் வண்டிகளைப் பற்றி உரையாடுவோரைக் கவனித்தால் இவ்வுண்மை எளிதிற் புலனாகும். இயந்திரத்தின் குதிரைவலு எவ்வளவு, வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்பவற்றை விரல் நுனியில் வைத்திருப்போர் பலர். அவ்வேகத்தைத் தணிப்பது எது, தணியும்போது அவ்வேகம் எங்கே போகின்றது என வினவுவோர் மிகச் சிலர். பொறியியல் பயின்றவன் என்ற முறையில் இவ்வினாவுக்குரிய விடையை நான் ஏட்டளவில் அறிந்திருந்தேன். எனினும், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பிறேக் தட்டுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டிய நாட்களிலேதான் அவ்விடையின் முழுப்பொருளும் எனக்குக் கைவந்தது.

2018ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் கொவென்றி நகரில் வாழும் என் தம்பியின் வீட்டிற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவனிடம் 1991ஆம் ஆண்டின் மஸ்டா எம்.எக்ஸ்-5 கார் ஒன்று இருந்தது. இருவர் மட்டுமே அமரத்தக்க, கூரையை மடித்துவிடக்கூடிய, ஒரு தொன்னுக்குக் குறைந்த எடையுடைய சிறு வண்டி அது. அதன் முற்சில்லுகளின் பிறேக் தட்டுகள் தேய்ந்து, உற்பத்தியாளர் விதித்த மிகக் குறைந்த தடிப்பை எட்டியிருந்தன. அவற்றுக்குப் பதிலாக, வேறு உற்பத்தியாளர் செய்து விற்கும் துளையிட்ட தட்டுகளைப் பூட்டவேண்டுமென்பது அவனுடைய ஆசை.

“அண்ணை, துளை போட்ட தட்டெண்டால் வடிவாயும் இருக்கும், கார் கெதியாய் நிக்கும் எண்டும் சொல்லுகினம்” என்றான்.

அடுத்த வாரம் ஏரி மாவட்டத்து மலைப்பாதைகளுக்கு அந்தக் காரிற் செல்வதாக ஏற்பாடு. சாரதியின் அருகிலுள்ள ஒரேயோர் ஆசனத்தில் அமரவிருந்தவன் நான். ஆகவே அவன் கூற்றை ஆராய்வதில் எனக்குச் சொந்த அக்கறையும் இருந்தது.

கொவென்றியில் இருந்துகொண்டு பிறேக் தட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதே. தட்டுப் பிறேக்குக்கு பிரெடெரிக் லாஞ்செஸ்ரர் 1902இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும், அரை நூற்றாண்டின் பின்னரே அது தன் ஆற்றலை உலகறியக் காட்டிற்று. கொவென்றியில் உருவான ஜாகுவார் சி-ரைப் வண்டி, டன்லப் நிறுவனத்தின் தட்டுப் பிறேக்குகளுடன் 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் வென்றது. அப்போட்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகம் எய்தப்பட்டது அதுவே முதற்றடவை. அவ்வெற்றியிற் பிறேக்குக்குப் பெரும் பங்குண்டு. பழைய உருளைப் பிறேக்கில் வெப்பம் உள்ளே அடைபடும். சூடேறிய உருளை விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் கட்டைகளை விட்டு விலகும். தட்டோ காற்றில் திறந்தபடி சுழல்கின்றது. ஒரு தடவை விரைவாக நிறுத்துவதைவிட, நூறாவது தடவையும் முதற்றடவை போலவே நிறுத்துவதுதான் அதன் சிறப்பு.

இதன் காரணத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். 1,000 கிலோகிராம் திணிவுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 385 கிலோயூல் ஆகும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது தாராளமாகப் போதும். பிறேக்கை முழுதும் அழுத்தினால் இச்சக்தி மூன்று நான்கு செக்கன்களில் வெப்பமாக மாறுகின்றது. முற்சில்லுகள் பெரும்பங்கை ஏற்பதால் முற்றட்டு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 135 கிலோயூல் சேரும் எனக் கொள்வோம். தட்டு நான்கு கிலோகிராம் வார்ப்பிரும்பாயின், ஒரு தடவை நிறுத்தும்போதே அதன் வெப்பநிலை 70 பாகை செல்சியஸ் அளவில் உயரும். ஆறுவதற்கு இடைவெளியின்றி ஐந்து தடவை நிறுத்தினால் என்ன நிகழும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். பிறேக் தட்டு என்பது வேகத்தை வெப்பமாக ஏற்றுத் தாங்கி, பின்னர் காற்றுக்குக் கொடுத்துவிடும் ஒரு களஞ்சியமே.

களஞ்சியம் என்று கண்டபின் துளைகளின் மதிப்பை அளப்பது கடினமன்று. முற்காலத்து உராய்வுக் கட்டைகளின் பிசின் சூடேறியபோது வாயுக்களை வெளிவிட்டது. அவை வெளியேற வழியாகத் துளைகள் பயன்பட்டன. இன்றைய கட்டைகளில் அக்குறை பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் துளையிடுங்கால் வெப்பத்தை ஏற்கும் இரும்பு குறைகின்றது. அன்றியும், மீண்டும் மீண்டும் சூடேறி ஆறும் தட்டில் வெடிப்புகள் துளைகளின் ஓரங்களிலிருந்தே தொடங்குவதுண்டு.

“அப்ப பெரிய தட்டாய்ப் போட்டால்?” என்று தம்பி வினவினான். நியாயமான வினாவே. இரும்பு மிகுந்தால் வெப்பத்தைத் தாங்கும் வலு மிகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தடவை நிறுத்துகையில் தூரத்தைத் தீர்மானிப்பது, ரயர் பாதையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தின் பிடியே. பழைய பிறேக்கே சில்லுகளை இறுகச் செய்து வழுக்கவைக்க வல்லதாயின், அதனினும் வலிய பிறேக் தூரத்தைக் குறைக்கமாட்டாது. முன்புறத்தில் மட்டும் பெரிய தட்டுகளைப் பூட்டினாலோ, முன்பின் சமநிலை மாறி, பிற்சில்லுகள் தம் பங்கைச் செய்யுமுன்னரே முற்சில்லுகள் வழுக்கிவிடவும் கூடும்.

முடிவில், துளையற்ற, உட்புறத்தே காற்றோட்டக் கால்வாய்களையுடைய, பழைய அளவிலேயே நன்கு வார்க்கப்பட்ட தட்டுகளைத் தெரிந்தோம். அவற்றோடு புதிய உராய்வுக் கட்டைகளையும் பிறேக் எண்ணெயையும் வாங்கினோம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 எனும் தரத்தின்படி, புதிய எண்ணெயின் கொதிநிலை 230 பாகைக்குக் குறையலாகாது. ஈரமேறிய எண்ணெய்க்கு அத்தரம் விதிக்கும் எல்லை 155 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்து ஆவியானால், காலால் எவ்வளவு அழுத்தினும் மிதி தளத்தைத் தொடுமேயன்றி வண்டி நில்லாது. எத்துணை அழகிய தட்டும் அப்பொழுது உதவாது.

பூட்டும் வேலை ஒரு பகலுக்குள் முடிந்தது. அதிற் பாதி நேரம் சில்லுக் குடத்தின் முகத்திலிருந்த துருவைச் சுரண்டுவதிலேயே கழிந்தது. தட்டுக்கும் குடத்துக்கும் இடையே சிறிதளவு துரு எஞ்சினும் தட்டு தள்ளாடிச் சுழலும். பல்லாயிரம் மைல் ஓடியபின் மிதியில் அதிர்வு தோன்றும்போது, “தட்டு வளைந்துவிட்டது” என்று கூறித் தட்டின்மேற் பழியைப் போடுவர். பின்னர் புதிய தட்டிலிருந்த காப்பெண்ணெயைத் துடைத்து, ஆளரவமற்ற பாதையில் வேகத்தைப் பலமுறை மெல்லத் தணித்து, கட்டையும் தட்டும் ஒன்றுக்கொன்று படியச் செய்தோம்.

ஏரி மாவட்டத்திலுள்ள ஹாட்நொற் கணவாய் 393 மீற்றர் உயரமே உடையது. ஆயினும் அதன் சரிவு சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியே பேராதனைக்கு இறங்கியவர்கள் இதனை வேறோர் அளவில் உணர்ந்திருப்பர். அங்கே இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,400 மீற்றர். முற்கூறிய வண்டி அவ்வுயரத்தை இறங்குகையில் இழக்கும் அழுத்தசக்தி, மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து 35 தடவை நிறுத்துவதற்கு ஈடானது. இயந்திரத்துக்கு அதிற் பெரும்பங்கைக் கொடாது, முழுவதையும் பிறேக்கின்மேற் சுமத்துபவன் தன் களஞ்சியத்தை முதற் சில வளைவுகளிலேயே நிரப்பிவிடுகின்றான்.

கணவாயின் இறக்கத்தில், ஒரு வளைவை அண்மித்தபோது தம்பி வழக்கத்திலும் பிந்தியே பிறேக்கை மிதித்தான். நான் ஆசனத்தைப் பற்றிக்கொண்டதைக் கண்டு, “புதுத் தட்டுத்தானே அண்ணை” என்று சிரித்தான்.

“தட்டுப் புதுசு. ரோட்டும் எதிரிலை வாறவனும் பழசுதான், தம்பி” என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. ஆனால் அடுத்த வளைவுக்கு வெகுமுன்னரே கியரைக் குறைத்தான்.

தட்டுப் பிறேக் புகழ்பெற்ற அதே லெ மான் 1955 யூன் 11ஆம் நாள் வேறொரு பாடத்தையும் புகட்டிற்று. தரிப்பிடத்துக்காக வேகத்தைத் தணித்த ஜாகுவார் வண்டி தட்டுப் பிறேக்குகளை உடையது. அதனைத் தவிர்க்க விலகிய ஒஸ்ரின் ஹீலி வண்டியின்மீது, பின்னால் விரைந்து வந்த மேர்சிடிஸ் மோதிப் பார்வையாளரிடையே சிதறியது. அதன் சாரதியும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். மேர்சிடிஸ் வண்டிக்கு இருந்தவை உருளைப் பிறேக்குகளே. விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாகக் காணவில்லை; அவ்வேகங்களுக்கு ஒவ்வாத பாதையமைப்பே குறையாகச் சுட்டப்பட்டது. எனினும் நிறுத்தும் வல்லமை ஒருவனுக்கு மட்டும் உரிய உடைமையன்று, பாதையிற் செல்லும் அனைவரோடும் தொடர்புடையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நல்ல பிறேக்கைப் பணங்கொடுத்து வாங்கும்போது நாம் பெறுவது ஒரு சேமிப்பு: எதிர்பாராத ஒரு கணத்துக்கென ஒதுக்கிவைத்த இடைவெளி. அதனை மறுநாளே வேகமாக மாற்றிச் செலவழிப்பவன் பழைய ஆபத்தையே புதிய விலைக்கு வாங்குகின்றான். செலவழியாது கிடக்கும்வரை அச்சேமிப்பு யாருடைய கண்ணிலும் படுவதில்லை. துளைகளைப் போல அது மினுங்குவதுமில்லை. ஒரு நாள் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும். அந்நாளில் மீதமிருக்கும் சில யார் தூரமே அதன் பெறுமதி.