அழுத்தம் எங்கே?
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்

வகுப்புக் கருத்தரங்கில் மின்னாற்பகுப்பைப் பற்றிப் பேச எழுந்தேன். 'எலக்ட்ராலிசிஸ்' என்ற சொல்லை, 'எலக்ட்ரோலைசிஸ்' என்று எல்லா எழுத்துக்கும் சமமாக அழுத்தம் கொடுத்துப் படித்தேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதன்பின் இரண்டு மாதங்கள் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். ஆங்கிலச் சொற்களை நான் கண்ணால் கற்றேன், காதால் கற்கவில்லை. அவற்றை உச்சரித்துக் காட்ட என் வீட்டில் யார் இருந்தார்கள்?

ஒருநாள் ஆங்கிலப் பேராசிரியர் அழைத்து, "தம்பி, தேமா, புளிமா தெரியுமல்லவா? வெண்பாவுக்கு அசை பிரிப்பவனுக்கு இது பெரிய காரியமா?" என்றார்.

ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றல்ல. 'மலர்' நமக்கு நிரை என்னும் ஓர் அசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு சிலபிள். உயிரொலி ஒன்றுக்குச் சிலபிள் ஒன்று. அவற்றுள் ஒன்றை மட்டும் ஓங்கி, சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். மற்றவை அடங்கிப் போகும்.

இ-லெக்-ட்ர-லைட்: அழுத்தம் இரண்டாவதில். இ-லெக்-ட்ரா-லி-சிஸ்: மூன்றாவதில். இ-லெக்-ட்ர-லி-டிக்: நான்காவதில். வேர் ஒன்றுதான்; விகுதி மாற மாற அழுத்தம் நகர்கிறது! 'இக்', 'ஷன்' என முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்திய சிலபிளே அழுத்தம் பெறும். 'அரித்மெடிக்' போல விலகி நிற்பவையும் உண்டு. ஐயம் வந்தால் உச்சரிப்பு அகராதியைப் பார்க்கலாம். அழுத்தம் பெறும் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு நிற்கும். டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட அகராதி இத்துறையில் புகழ்பெற்றது.

இரவில் கைதட்டிச் சொற்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, படிக்கிறியா, கும்மி அடிக்கிறியா?" என்றாள். "ரெண்டுந்தாம்மா" என்றேன்.

அடுத்த கருத்தரங்கில் அதே தலைப்பைக் கேட்டு வாங்கிப் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் தயங்கியபடி வந்து, "அண்ணே, அந்தச் சொல்லைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றான். அவனும் கண்ணால் கற்றவனே!

நண்பர்களே! உச்சரிப்புப் பிழை அறிவின் குறையன்று; கேட்கும் வாய்ப்பின் குறை. அடுத்த முறை ஒருவன் தடுமாறினால் சிரிக்காதீர்கள். அந்தச் சொல்லை ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள், அது போதும்.