மடித்தவர் கையொப்பம்

எங்கள் அத்தா இந்திய விமானப்படையில் 15 ஆண்டுகள் பணியாற்றியவர். விமானம் ஓட்டியவரல்லர், துப்பாக்கி தூக்கியவருமல்லர். ஆக்ராவில் பாராசூட் மடிக்கும் பிரிவில் இருந்தார். திருத்தணிக் கடைத்தெருவில் இதைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். "துணி மடிக்கிறதுக்கா பாய் சர்க்கார் சம்பளம் கொடுத்துச்சு?" என்று கேட்டவர்கள் உண்டு. அத்தாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுத் தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்குவார்.

இந்தியப் பாராசூட் படையின் வரலாறு 1941இல் தொடங்குகிறது. அவ்வாண்டில்தான் டெல்லியில் 50ஆம் பாராசூட் பிரிகேடு உருவாக்கப்பட்டது. கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை அமைந்ததும் அதே ஆண்டில்தான். பயிற்சிப் பள்ளி பின்னர் ராவல்பிண்டியை அடுத்த சக்லாலாவில் இருந்தது. பிரிவினைக்குப் பின் ஆக்ரா அதன் இடமாயிற்று. அன்று முதல் இன்று வரை வானிலிருந்து குதிக்கப் பழகுவோர் ஆக்ராவுக்கே செல்கின்றனர். அவர்கள் முதுகில் சுமக்கும் பொதியை எவரோ ஒருவர் முன்னதாக மேசைமேல் கிடத்தி மடித்திருக்க வேண்டும். அந்த எவரோ ஒருவராக எங்கள் அத்தா இருந்தார்.

மடிப்பு என்றால் புடவை மடிப்பதைப் போன்றதன்று. குதித்து வந்த பாராசூட்டை முதலில் உயரமான கோபுரத்தில் தொங்கவிட்டு ஈரத்தையும் தூசியையும் போக்குவார்கள். பின்பு நீண்ட மேசையில் அதைக் கிடத்தி, கிழிசலும் நைந்த கயிறும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அமெரிக்கப் படையில் நெடுங்காலம் இருந்த டி-10 வகைப் பாராசூட்டின் குடை 35 அடி அகலமுடையது. 30 துணிக்கூறுகளும் 30 கயிறுகளும் கொண்டது. ஒவ்வொரு கூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மடிப்புக் கலையாதிருக்க ஈயக்குண்டுப் பைகளை மேலே வைப்பார்கள். கயிறுகளை ஒன்றோடொன்று சிக்காதபடி வளைத்து வளைத்துச் செருகுவார்கள். இவற்றுள் ஒரே ஒரு கயிறு திரும்பும்போது குடையின் மேலேறிக்கொண்டாலும், வானில் அது இரண்டு உருண்டைகளாகப் பிதுங்கி நிற்கும். இறங்கும் வேகம் குறையாது. வேலை முடிந்ததும் கருவிகளையும் ஈயப்பைகளையும் எண்ணிப் பார்ப்பது தவறாத வழக்கம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது பொதிக்குள் கிடக்கிறது என்றுதான் பொருள்.

இறுதியில் ஓர் அட்டை வரும். மடித்தவர் யார், எந்த நாளில் மடித்தார், சரிபார்த்தவர் யார் என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டு அதைப் பொதியிலுள்ள சிறு பையில் செருகுவார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் குதிக்கும் பாராசூட்டுகளிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே மாற்றுப் பாராசூட்டை உரிமம் பெற்றவர் மட்டுமே மடிக்கலாம். அவருக்கென ஒதுக்கப்பட்ட குறி பொறித்த சிறிய ஈய முத்திரையை மெல்லிய சிவப்பு நூலில் அழுத்தி முடிப்பார். 180 நாள் கடந்தால் யாரும் பயன்படுத்தியிராவிட்டாலும் பிரித்து மீண்டும் மடிக்க வேண்டும். முத்திரையைப் பார்த்தால் இன்னார் கை என்று தெரிந்துவிடும். அமெரிக்கத் தரைப்படையிலோ மடிப்பவரும் குதிக்கத் தெரிந்தவராய் இருந்தாக வேண்டும். தாம் மடித்ததைத் தாமே கட்டிக்கொண்டு குதிக்கவும் அவர் ஆயத்தமாய் இருக்க வேண்டும். இதை அத்தாவிடம் சொன்னபோது, "அது நல்ல சட்டம்" என்று மட்டும் சொன்னார்.

அட்டையைப் பாராமலே தம் மடிப்பை அறிய முடியுமா என்று சிறுவனாயிருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். முடியும் என்றார். எல்லோரும் ஒரே விதிப்படி, ஒரே அளவில், ஒரே வரிசையில்தான் மடிக்கிறார்கள். ஒருவர் வேலைக்கும் மற்றவர் வேலைக்கும் வேறுபாடு தெரியக்கூடாது என்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கமே. ஆனாலும் கயிற்று வளைவை ஒருவர் சற்று இறுக்கமாகச் செருகுவார். இன்னொருவர் முடிச்சுக்குப் பின் விடும் நூல்முனை அரை விரல் நீளமாக இருக்கும். இவை குற்றங்களல்ல, விதி இடந்தரும் எல்லைக்குள் கை தானாகச் செய்துகொள்ளும் பழக்கங்கள். "உன் எழுத்தை நீ கண்டுபிடிக்கிறாயே, அது போலத்தான்" என்றார். அப்படியானால் அட்டை எதற்கு என்றேன். "கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். அட்டை அப்படியில்லை."

ஒருநாள் இரவு படுக்கையில் கிடந்தபோது, அன்று மடித்த பொதிகளை அவர் ஒவ்வொன்றாக மனத்துக்குள் மீண்டும் மடித்துப் பார்த்திருக்கிறார். அது அவருக்கு வழக்கம். ஒன்றில் மட்டும் நடுவே ஒரு படி நினைவுக்கு வரவில்லை. பஜ்ருக்குப் பின் நேராக மேலதிகாரியிடம் சென்று அதைப் பிரிக்க அனுமதி கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உடன் வந்து நின்றார். பிரித்துப் பார்த்தால் ஒரு குறையுமில்லை. மீண்டும் மடித்துப் புதிய தேதியிட்டுக் கையொப்பமிட்டார். இந்த வேலையில் இதைவிட வினோதமான ஒன்றை அவர் சொல்வதுண்டு. ஒழுங்காக மடித்த பொதி வானத்தில் சில நொடிகளில் அவிழ்ந்துவிடும்; அந்த மடிப்பைப் பிறகு எவரும் பார்க்க முடியாது. விரியாத பொதியைத்தான் மேசையில் கிடத்தி, விளக்கைப் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக ஆராய்வார்கள்.

1971 டிசம்பர் 11 அன்று கிழக்கு வங்காளத்தின் தங்காயில் அருகே இந்தியப் பாராசூட் படையின் இரண்டாம் பட்டாலியன் இறங்கியது. அந்தப் பொதிகளில் தாம் மடித்தவையும் இருந்தனவா என்று அத்தாவிடம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆம் என்று சொல்லிப் பெருமை தேடிக்கொள்ள எளிதான இடம் அது. தெரியாது என்றே கடைசிவரை சொன்னார்.

பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பித் தையற்கடை வைத்தார். நானும் அதில்தான் வளர்ந்தேன். எங்கள் ஊரில் தையற்காரருக்கு ஆடி மாதம் அறுவடைக் காலம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறும் பக்தர்களுக்கு மஞ்சள் உடைகள் தைத்தாக வேண்டும். ஆந்திரப் பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும். இரவு பகல் இயந்திரம் ஓடும். அத்தகைய ஓர் ஆடியில்தான், எனக்கு 22 வயது, ஒரு தொட்டில் துணி தைக்க வந்தது. இரு முனைகளிலும் துணியை மடித்துக் கட்டை நுழையும்படி தைக்க வேண்டும். அத்தா தொட்டில் தைத்தால் முனையில் நாற்சதுரமாக ஓட்டி, அதனுள் பெருக்கல் குறி போலக் குறுக்காக இரண்டு தையல் போடுவார். பாராசூட் வார்களில் அப்படித்தான் தைத்திருப்பார்கள். நான் அவசரத்தில் ஒரே ஓட்டு ஓட்டிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நகரி பக்கத்திலிருந்து அந்தப் பெண் வந்தார். கையில் கிழிந்த தொட்டில் துணி, இடுப்பில் குழந்தை. குழந்தையின் நெற்றியில் வீக்கம். நல்லவேளையாகக் கீழே பாய் விரித்திருந்தார்களாம். அவர் சத்தம் போடவில்லை. தெலுங்கு கலந்த தமிழில், "இது உங்க கடையில தைச்சதுதானே பாய்?" என்றார்.

நான் துணியைக் கையில்கூட வாங்காமல், "எங்க தையல் இப்படி இருக்காதும்மா. வேற எங்கயாவது பிரிச்சுத் தைச்சிருப்பீங்க" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். கடையில் வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அத்தா உள்ளிருந்து வந்து துணியை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தையலின் முடிவிடத்தை விரலால் தடவினார். கெட்டித் தையல் போடும்போது என் ஓட்டு எப்போதும் இடப்பக்கம் சாயும். நூலையும் சாய்வாகவே வெட்டுவேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "இது என் மகன் தைச்சதும்மா. தப்பு எங்களுதுதான்" என்றார். பிறகு கடையை என்னிடம் விட்டுவிட்டு அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

அன்றிரவு திட்டுவார் என்று காத்திருந்தேன். இஷா தொழுது வந்தபின், "அவசரத்துல தைச்சது ஒரு தப்பு. அதை உன்னுது இல்லைன்னு சொன்னியே, அந்தத் தப்புக்கு மருந்து எங்க வாங்குறது?" என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபிகளார் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கட்டியவன் நான், கட்டாமல் விட்டவனும் நான் என்று ஒப்புக்கொள்வதும் அதற்குள் அடங்கும் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் புதிய தொட்டில் துணியை என்னையே தைக்கச் சொன்னார். தைத்து முடித்ததும், மடிப்பின் உட்புறத்தில் என் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதச் சொன்னார். வெளியே தெரியாத இடம். அன்று முதல் எடை தாங்கும் எதைத் தைத்தாலும், தொட்டிலோ பள்ளிப்பையோ, உள்ளே எழுதிவிடுகிறேன். கஃபன் துணி வெட்டிக் கொடுக்கும்போது மட்டும் எழுதுவதில்லை. அதில் தையலே கிடையாது.

அத்தாவுக்கு இப்போது பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானம் மேலே செல்லும்போது மட்டும் முகத்தை நிமிர்த்துவார். சென்ற மாதம் ஒரு தொட்டில் துணியை அவர் மடியில் வைத்தேன். முனையைத் தடவினார், நாற்சதுரத்தை எண்ணினார், குறுக்குத் தையலில் விரல் நின்றது.

"இது உன் கை இல்லையே."

"இல்லை அத்தா. பேரன் தைச்சது."

விரலை மடிப்பின் உட்புறம் நுழைத்துப் பார்த்தார். "பேர் எழுதினானா?" என்று கேட்டார். அவன் எழுதியிருக்கவில்லை. பேனாவை எடுத்துவரச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன்.