திரிங்காப் ஏற்றத்தில் திணறும் லேண்ட் ரோவர்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டினால் திரிங்காப். தேயிலைக்குப் பெயர்போன மலைதான்; ஆனால் இங்கே கண்ணில் படுவது காய்கறித் தோட்டங்களும், சேற்றுப் பாதையில் கோஸ் சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களும். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான வண்டி இங்கே இன்னும் ஓய்வு பெறவில்லை.

நான் பார்த்த வண்டி ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. அன்றிரவே கோஸ் லோரி ஏற வேண்டும்.

"கார்புரேட்டர் போச்சா, அண்ணே?"

பட்டறைக்காரர் சிரித்தார். "அவசரப்படாத தங்கச்சி. முதல்ல பெட்ரோல் வருதான்னு பார்ப்போம்."

குழாயைக் கழற்றி, பம்பைக் கையால் அடித்தார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் துருவும் கிடந்தன. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரக்காற்று நீராகிறது. பெட்ரோலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது.

அடுத்து கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழுவினார். ஜெட்டைக் காற்றடித்தே சுத்தம் செய்தார், கம்பியால் குத்தவில்லை. துளை பெரிதானால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. ஏற்கெனவே பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும் இடம் இது.

கோஸ் நேரத்தோடு லோரி ஏறியது. அவர் சொன்ன வைத்தியம் எளிது: "ராத்திரி டேங்க் நிரம்பி இருக்கட்டும்."